வெட்டிய பேர்களும் 1903 ஆம் ஆண்டும்: பழைய செக்ரோல் கோப்புகளை மீட்ட அனுபவம்

எங்கள் தோட்டத்தில் ஓய்வுபெற்றவர்களின் பணிக்கொடைக்காகப் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர், வேலைநாள், சம்பளப் பதிவேடு) கோப்புகளைக் கேட்டேன். "அந்தத் தரவெல்லாம் எப்போதோ பழுதாகிவிட்டது" என்று கொழும்புத் தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பழுதாகவில்லை, அவருக்குத் திறக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளத்தில் வேலைசெய்தவருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்கவேண்டும். எனவே பேர் பதிந்த திகதி, அதாவது வேலைக்குச் சேர்ந்த திகதிதான் எல்லாமே. ஹட்டன் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்தில் அந்தத் திகதிகள், பொக்ஸ்புரோ 2.6 என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய செக்ரோல் நிரலின் டிபிஎஃப் (அட்டவணை) கோப்புகளில் இருந்தன. பழைய கணினியோ கொழும்பில். அந்த நிரல் 64 பிட் விண்டோஸில் ஓடாது; கோப்புகளை மட்டும் வாங்கிவந்து லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறக்கலாம் என்று பஸ் ஏறினேன்.

வாதாடிய பிறகு பென்டிரைவில் போட்டுத் தந்தார். வீடு வந்து பார்த்தால் டிபிஎஃப் கோப்புகள் மட்டும்! ஒருவர் தோட்டத்தின் எந்த டிவிஷனிலிருந்து (பிரிவிலிருந்து) மாறி வந்தார் என்ற குறிப்புகள் எஃப்பிடி கோப்பில் தனியாக இருக்கும். தொலைபேசியில் கேட்டேன். "மற்றவை குப்பை, அதனால் விட்டுவிட்டேன்" என்றார். மறுபடியும் கொழும்பு. உங்களுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் முழுக் கோப்புறையையும் வாங்குங்கள். பதிவுகளை வரிசைப்படுத்தும் சிடிஎக்ஸ் சுட்டிக் கோப்பு தொலைந்தால் மீண்டும் உருவாக்கலாம். எஃப்பிடி தொலைந்தால் தொலைந்ததுதான்.

திறந்ததும் அடுத்த இடி. அன்று வேலையில் இருந்தவர்கள் மட்டுமே தெரிந்தார்கள். யாருக்காக இவ்வளவு அலைந்தேனோ, அந்த ஓய்வுபெற்றவர்களில் ஒருவரும் இல்லை. ஆனால் கோப்பின் தலைப்பகுதியில் பதிந்திருந்த எண்ணிக்கை, திரையில் வந்ததைவிட மிக அதிகம். அந்த நிரலைப் பயன்படுத்திய, ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கரிடம் (தலைமை எழுதுவினைஞர்) ஓடினேன். "வேலையை விட்டவரின் பேர் வெட்டினால் அடையாளம் மட்டும்தான் விழும், தம்பி. 'பேக்' கட்டளை கொடுத்தால்தான் உண்மையாகவே போகும். நான் ஒருநாளும் கொடுத்ததில்லை" என்றார். அவர் காலில் விழாத குறை! அழித்த பதிவின் முதல் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், பதிவு அப்படியே கிடக்கும். லிப்ரே ஆபிஸின் தரவுத்தளப் பகுதியான பேஸின் மேம்பட்ட அமைப்புகளில் அழித்த பதிவுகளையும் காட்டச் சொல்லும் தெரிவு உண்டு. அதைச் சொடுக்கியதும் எங்கள் அம்மாமார் எல்லோரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

வந்தார்கள், ஆனால் பெயரில்லாமல். பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார்கள்; அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு என்பதால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றுவது எளிது. அதற்குமுன் ஒரு பொறி இருக்கிறது. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளியாகவும் 'இ' காற்புள்ளியாகவும் சேமிக்கப்படும். அவற்றைப் புலங்களைப் பிரிக்கும் குறியாக வைத்து ஏற்றுமதி செய்தால் பெயர்கள் கொத்திய கறிபோலத் துண்டாகிவிடும். தாவல் (டேப்) குறியைப் பயன்படுத்துங்கள்.

திகதிகள் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது, ஒரு அக்கா 1903 இல் பேர் பதிந்திருந்தார். ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டியிருக்கிறார்கள். பழைய நிரல் 03 என்றால் 1903 என்றே எடுத்துக்கொண்டது. பிறந்த திகதிக்கு முன்பே வேலைக்கு வந்தவர்களைத் தனியாகப் பிரித்து நூறு ஆண்டு கூட்டினேன். திருத்தியதெல்லாம் பிரதியில்தான்; மூலத்தைத் தொடவில்லை.

செக்ரோல் புத்தகங்கள் தப்பியிருந்த வருடங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் துரை (தோட்ட முகாமையாளர்) பட்டியலில் கையெழுத்திட்டார். புத்தகம் பூஞ்சணம் பிடித்துப்போன வருடங்களுக்கு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு அறிக்கைகளைக் கேட்கிறார்கள். வைத்திருப்பவர்கள் பிரதி எடுத்துக்கொண்டு வாருங்கள். மூலத்தை மட்டும் எந்த அலுவலகத்திலும் விட்டுவராதீர்கள்.