கழுத்து இன்னும் திரும்பவில்லை

தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறுகிறவன் நான். அந்தத் தைரியத்தில்தான் நேப்பாளத்தின் கூர்க்கா மாவட்ட மலைக்கிராமம் ஒன்றுக்குத் தொண்டு செய்யக் கிளம்பினேன். 2015 நிலநடுக்கத்தில் இடிந்து, பிறகு எழும்பிய பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டும் வேலை.

முதல் நாளே மானம் போனது. அங்கே சுமையைத் தோளில் மாட்டுவதில்லை. டோக்கோ என்ற மூங்கில் கூடை முதுகில் கிடக்கும். நாம்லோ என்ற பட்டை நெற்றியில் அழுந்த, பாரத்தைக் கழுத்து தாங்க வேண்டும். ஏழெட்டுக் கல்லுக்கே எனக்குக் கண் இருட்டியது. அறுபது வயது தீதி ஒருவர் (அக்காவை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள்) என் கூடையை வாங்கி, இன்னும் நான்கு கல்லைப் போட்டுக்கொண்டு, பேசியபடியே மேடேறிப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னால், கல் சுமக்க என்னைப் போன்றவன் தேவையே இல்லை. என் விமான டிக்கெட் காசுக்கு உள்ளூர்க் கொத்தனார் பல நாள் வேலை செய்திருப்பார். நான் உருப்படியாகச் செய்தது, வகுப்பறைகளின் மின்கம்பி இணைப்பைச் சரிசெய்தது மட்டுமே. பட்டர்வொர்த்தில் என் பிழைப்பே அதுதானே.

நேற்றுப் பினாங்கு திரும்பிவிட்டேன். கழுத்துதான் இன்னும் திரும்பவில்லை. தைலம் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்கிறார்: “இங்கே ஓர் அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் மட்டும் உனக்கு இடுப்பு வலி வந்துவிடுமே, ஐயா?”