படத்தில் வராத குழாய்

"மேடம், படத்துல செடிதான் விழுது, குழி விழலை. இன்னொரு போட்டோ எடுங்க."

இன்று மதியம் முழுக்க எங்கள் பல்கலைக்கழகத்தில் இதுதான் வேலை. மழைநீர்க் குழி, சோலார் தகடு, எல்இடி பல்பு என்று ஒவ்வொன்றாகப் படம். ஓரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) கமிட்டிக்கு அதுதான் ஆதாரம்.

குழியில் கூழாங்கல் புதுசு. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய்தான் பாதியில் உடைந்து, சுவரெல்லாம் காய்ந்த பாசி. படத்தில் குழாய் வரவில்லை. அறிக்கையில் அதற்குக் கட்டமும் இல்லை.

ஏழு அளவுகோல்கள் கொண்ட நாக் மதிப்பீட்டு முறையின் 1000 மதிப்பெண்ணில், பசுமை வளாகம் இடம்பெறும் ஏழாவது அளவுகோலுக்கு 100. அதையும் பாலினச் சமத்துவம் முதல் சிறந்த நடைமுறைகள் வரை பலதும் பங்குபோடுகின்றன.

இன்னொரு பக்கம், இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய, பல்கலைக்கழக வளாகங்களின் பசுமையை அளக்கும் கிரீன்மெட்ரிக் தரவரிசை. 2024-இல் அதில் எரிசக்திக்கும் காலநிலைக்கும் 21 சதவீதம், தண்ணீருக்கு 10. விவரங்களை நாமே நிரப்பி அனுப்ப வேண்டும்.

கேட்பதில் தப்பே இல்லை. கேட்டதால்தான் எல்லாத் துறைகளின் கரண்ட் பில்லும் ஒரே ஃபைலுக்கு வந்தது. விடுதி மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அறிக்கை கேட்பவர்கள் யாரும் குழாய் மாற்றப் பணம் தருவதில்லை. அரசு மானியமோ சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே இழுபறி. (பசுமைத் தணிக்கைச் சான்றிதழுக்கு மட்டும் எப்படியோ காசு கிடைத்துவிடுகிறது.)

சரி, அந்த கரண்ட் பில் ஃபைலை அடுத்த வருடம் யார் தொடர்வார்கள்? தொகுத்தவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். அவருடைய ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிகிறது.