நான் வாங்காத கடனுக்கு நான் டியூ கட்டணுமாம்

பைக் லோனுக்கு போனப்பதான் விஷயமே தெரிஞ்சுது. ஷோரூம்ல இருந்த ஃபைனான்ஸ் பையன் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி, "சார், உங்க பேர்ல ஏற்கனவே ரெண்டு லோன் ஓவர்டியூல நிக்குது"ன்னான். என் வாழ்க்கையில நான் வச்ச கடன்னா அண்ணாச்சி கடை பாக்கி மட்டும்தான். வீட்டுக்கு வந்து சிபில் ரிப்போர்ட்டை, அதாவது யார் எங்க கடன் வாங்கினாங்க, ஒழுங்கா கட்டினாங்களான்னு கணக்கு வச்சிருக்கற கம்பெனியோட ரிப்போர்ட்டை, இறக்கி பாத்தா (வருஷத்துக்கு ஒரு தடவ ஃப்ரீதான்) 14,800க்கு ஒண்ணு, 9,600க்கு ஒண்ணு, ரெண்டும் ஆப் லோன், போன் ஆப்லயே வாங்குற கடன். கீழ அட்ரஸ் இருக்கற இடத்துல நான் ரயில்லகூட தாண்டிப் போகாத ஒரு ஊரு, யாரோட செல் நம்பரோ. பேரும் பான் நம்பரும் மட்டும் என்னோடது.

வீடு தேடுறப்ப புரோக்கர் புரோக்கரா வாட்ஸப்ல ஆதாரும் பானும் அனுப்பிருக்கேன், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல எத்தனை தடவ விட்டுட்டு வந்தேனோ, இதுல யாரைன்னு சொல்றது.

"சின்ன தொகைதானடா, கட்டி தொலைச்சிரு, போலீஸ் கீலீஸ்னு அலையாத"ன்னாங்க அம்மா. அப்படி மட்டும் செஞ்சிராதீங்க. கட்டிட்டா அது நம்ம கடன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், அப்புறம் என்ன சொன்னாலும் எடுபடாது.

1930க்கு அடிச்சேன். அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிருந்தா உடனே அடிக்க வேண்டிய நம்பர் அதுதான், ஆனா என் கேஸ்ல போனது பணம் இல்லையே, அதனால சைபர் கிரைம் போர்ட்டல்லயும் புகார் போட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டு ஸ்டேஷன் போனேன். "உன் காசு போகலல்ல தம்பி, அப்புறம் என்ன?"ன்னார் ரைட்டர். ஐடி ஆக்ட் 66சி, அடுத்தவன் அடையாளத்தை திருடுனா 3 வருஷம் வரைக்கும் ஜெயில்னு போன்ல எடுத்து காட்டி, ரெண்டு மணி நேரம் பெஞ்ச்ல உக்காந்து, ஒரு சிஎஸ்ஆர் (புகாரை வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல தர்ற ரசீது) வாங்கிட்டுதான் வந்தேன். அந்த ஒத்தை பேப்பர் இல்லன்னா அடுத்து எவனும் நம்மள மதிக்க மாட்டான்.

அத வச்சு சிபில்ல டிஸ்ப்யூட் போட்டேன், 'இந்த கணக்கு என்னோடது இல்ல'ன்னு. ஆனா கடன் கொடுத்தவன் ஒத்துக்காம சிபில் தானா எதையும் மாத்தாது, அதனால ரெண்டு கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கும் தனியா மெயில் போட்டேன். கேட்டது ரெண்டே கேள்வி: பணத்தை எந்த பேங்க் அக்கவுண்ட்ல போட்டீங்க, கேஒய்சிக்கு, அதாவது ஆள் யாருன்னு சரிபாக்க எடுத்த செல்ஃபியை காட்டுங்க. ஒரு கம்பெனி செல்ஃபியை அனுப்புச்சு. பச்சை சுவரு, பின்னாடி கொடியில காயுற துண்டு, முன்னாடி இருபது வயசு தாண்டாத ஒரு பையன். எனக்கு வயசு 41, தலையில பாதி முடி கிடையாது. பத்து நாள்ல அந்த லோன் ரிப்போர்ட்லேருந்து காணாம போச்சு.

சிபில் மாதிரியே எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு இன்னும் மூணு இருக்கு, ஒண்ணுல சரியானா மத்ததுலயும் தானா சரியாயிரும்னு விட்டுறாதீங்க, ஒவ்வொண்ணா இறக்கி பாருங்க. சஞ்சார் சாத்தின்னு ஒரு கவர்மெண்ட் போர்ட்டல்ல நம்ம பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னும் காட்டும். எனக்கு தெரியாம ஒண்ணு இருந்துச்சு, என்னோடது இல்லன்னு ரிப்போர்ட் அடிச்சுட்டேன். ஆதார் பயோமெட்ரிக்கையும் லாக் பண்ணியாச்சு.

ரெண்டாவது கம்பெனி இன்னும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னே ஓட்டிட்டிருக்கு. புகார் கொடுத்து 30 நாள்ல தீர்க்கலைன்னா நாளுக்கு 100 ரூபா நமக்கு நஷ்டஈடு தரணும்னு 2024லேருந்து ரிசர்வ் பேங்க் ரூல் இருக்கு. இன்னிக்கு 47வது நாள். ஓம்பட்ஸ்மேனுக்கு (இந்த மாதிரி புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் அதிகாரி) போட வேண்டிய புகாரை எழுதி வச்சாச்சு, அதுல தொகைய மட்டும் தினம் திருத்திட்டிருக்கேன். இப்போதைக்கு 1,700.