அக்ரீ வித்தா, அக்ரீ டூவா?

"அக்கா, அக்ரீக்கு அப்புறம் வித் வருமா, டூ வருமா?" என்று அந்தத் தம்பி கேட்டதும் நான் சொன்ன பதிலும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீமில் பாதிப் பேர் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம். கிளையன்ட்டுக்குப் போகும் மெயிலை என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். டிஸ்கஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அபவுட்டை அடிப்பேன், 'ரிப்ளை மீ'க்கு நடுவே ஒரு டூ போடுவேன், அவ்வளவுதான், ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இவன் கேட்டான். ரிலீஸ் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லி கிளையன்ட் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொல்லும் காரணம் நியாயம்தான் என்றால் வித், அந்தத் தேதிக்கே தருகிறோம் என்று ஒத்துக்கொண்டால் டூ, நீ எதைச் சொல்ல வருகிறாய் என்றேன். "தேதி இன்னும் முடிவாகலையேக்கா." அப்போ வித் போடு என்றேன். போட்டான்.

மறுநாள் கிளையன்ட்டிடமிருந்து ஒரே வரி: சரி என்கிறீர்களா, இல்லையா? மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் அவனைத்தான் பிடித்தார். அந்த வித் நான் சொன்னது, முடிவாகாத தேதிக்கு டூ போட முடியாது என்று நான் சொல்லத்தான் செய்தேன். "இங்கிலீஷ் கிளாஸை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

வித் சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜப்பானில் இங்கிலீஷ் பாடம் நடத்திய ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1942-லேயே, எந்த வினைக்குப் பின்னால் என்ன வரும் என்பதை வாய்பாடு மாதிரி போட்டு அகராதி தொகுத்தார். ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத சமாச்சாரம் என்பதால்தானே அவ்வளவு மெனக்கெட்டார்? ஆனால் தேதியைப் பிறகு சொல்கிறோம் என்று கூடவே ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாமோ என்றும் தோன்றுகிறது. அவன் கேட்டது அதை இல்லையே. திட்டு வாங்கியதும் நான் இல்லை.

இப்போதெல்லாம் அவன் அக்ரீ பக்கமே போவதில்லை, 'வி ஆர் ஓகே வித் த டேட்' என்று எழுதுகிறான். தேதி பிடித்திருக்கிறது என்கிறானா, அதற்குள் தருவோம் என்கிறானா, இரண்டுக்கும் இடம் இருக்கிறது. கிளையன்ட் கேட்பதில்லை, மேனேஜருக்கும் பிரச்சினை இல்லை, நானும் அதைத் திருத்துவதில்லை.