பியாரிட்ஸ்ல கடலோட டைம்டேபிள் படி ஒரு சம்மர் லீவு

இந்த ஜூலைல குடும்பத்தோட பியாரிட்ஸ் போய்ட்டு வந்தோம். பிரான்ஸோட தென்மேற்கு மூலை, அட்லாண்டிக் கரை, அங்கேர்ந்து இன்னும் அரை மணி நேரம் கார் ஓட்டினா ஸ்பெயின் வந்துடும். நாங்க இருக்கற துலூஸ்லேர்ந்து ஏ64 ஹைவேல கிட்டத்தட்ட மூணு மணி நேரம்தான், வானம் தெளிவா இருந்தா போற வழி பூரா இடது பக்கம் பைரனீஸ் மலை கூடவே வரும். அம்மா தூத்துக்குடிலேர்ந்து வந்திருந்தாங்க, பொண்ணுக்கு ஸ்கூல் லீவு விட்டாச்சு, அதான் எல்லாருமா கிளம்பிட்டோம்.

போறோம்னு சொன்னப்போ ஆபீஸ்ல எல்லாரும் ஒரே விஷயத்ததான் சொன்னாங்க, அது பணக்காரங்க ஊரு, பேலஸ் ஓட்டலு, காசினோ, பெரிய பிராண்டு கடைங்கன்னு. அது எல்லாம் இருக்கு, பொய் இல்ல. ஆனா அந்த ஊர்ல இருக்கறதுலயே பெரிய சந்தோஷம் கடல்தான், அதுக்கு டிக்கெட் கிடையாது, நாம அதோட நேரத்துக்கு போகணும் அவ்ளோதான். இத யாராவது முன்னாடியே சொல்லணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

கடலோட நேரம்னு சொன்னேன்ல, அங்க தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வத்தும், ஒவ்வொரு நாளும் முந்தின நாள விட சுமார் அம்பது நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை பௌர்ணமி பக்கம் வந்துட்டா ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நடுவுல நாலு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும். தூத்துக்குடில ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே பெருசு. அம்மா முதல் நாள் காலைல பாத்த மணல்வெளி மத்தியானம் மொத்தமா காணாம போனதும், "ஏ பிள்ள, கரை எங்கட்டு போச்சு?"ன்னு என் கைய புடிச்சுக்கிட்டாங்க. பிரான்ஸ்ல இந்த ஏத்தவத்தத்தோட பலத்துக்கு 20லேர்ந்து 120 வரைக்கும் ஒரு நம்பர் குடுத்திருக்காங்க, நம்பர் பெருசானா கடல் ரொம்ப தூரம் போய்ட்டு ரொம்ப மேல ஏறி வரும். டூரிஸ்ட் ஆபீஸ்லயும் சர்ஃபிங் (போர்டு மேல நின்னு அலையில சறுக்கிட்டு வர்ற விளையாட்டு) சாமான் விக்கற கடையிலயும் சின்ன புக்லெட் கிடைக்கும், நேரம் நம்பர் ரெண்டுமே அதுல இருக்கும். ரெண்டாவது நாள்லேர்ந்து நாங்க சாப்பாடு, தூக்கம், கடைக்கு போறது எல்லாத்தையும் அந்த புக்லெட்ட பாத்துதான் முடிவு பண்ணினோம்.

நாங்க அதிகமா இருந்தது கோட் தே பாஸ்க் பீச்ல. ஊருக்கு தெக்கால உசரமான பாறைச்சரிவு, அது கீழ படிக்கட்டு இறங்கிப் போகணும், கடல் வத்துறப்போ அகலமா மணல் கிடைக்கும், ஏறிட்டா மணலே இருக்காது, அலை நேரா சுவத்துல வந்து அடிக்கும். அங்க நின்னு தெக்கப் பாத்தா ஸ்பெயின் மலைங்க தெரியும். வடக்கு ஓரத்துல பாறை மேல வில்லா பெல்ஸான்னு கூர் கோபுரம் வச்ச ஒரு வீடு, 19ஆம் நூற்றாண்டு கடைசில கட்டினது, போட்டோவுல பியாரிட்ஸ்னு பாத்திருந்தீங்கன்னா அனேகமா அந்த வீட்டத்தான் பாத்திருப்பீங்க. அலை இங்க மெதுவா, நீளமா உருண்டு வரும், அதனால புதுசா கத்துக்கறவங்களுக்கும் நீள போர்டு ஓட்டற பெரியவங்களுக்கும் இதுதான் இடம்.

பொண்ணுக்கும் எனக்கும் சர்ஃபிங் கிளாஸ் போட்டிருந்தோம். ஒரு ஆளுக்கு ஒரு கிளாஸ் 40 யூரோவுக்கு மேல ஆகும், வெட்சூட்டும் (தண்ணியில குளிராம இருக்க போடற ரப்பர் டிரெஸ்) போர்டும் அதுலயே அடக்கம். கிளாஸ் எத்தன மணிக்குன்னு முந்தின நாள் சாயந்தரம்தான் மெசேஜ் வரும், ஏன்னா அது கடல் கையில இருக்கு. முதல்ல மணல்லயே படுத்து எழுந்து பழகணும், கைய நெஞ்சுப் பக்கத்துல ஊனி ஒரே மூச்சுல ரெண்டு காலையும் உள்ள கொண்டு வரணும், பார்வை கீழ போர்டு மேல இருக்கக்கூடாது கரைய பாக்கணும். அப்புறம் இடுப்பளவு தண்ணியில நின்னு, உடைஞ்சு நுரையா வர்ற அலைய பிடிக்கணும். போர்டு ஃபோம்ல செஞ்சது, எட்டு அடி இருக்கும், பட்டாலும் அடி பலமா இருக்காது. சொல்லிக்குடுத்த பொண்ணு அந்த ஊர்க்காரி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், எழுந்து நிக்க சொல்லித் தர்றதுக்கு முன்னாடி சட்டம் சொல்லிக்குடுத்தா: ஒரு அலைக்கு ஒரு ஆளு, அலை உடையற இடத்துக்கு யாரு பக்கமோ அவங்களுக்குத்தான் அது, குறுக்க போகக்கூடாது, கொடிக்கு நடுவுல குளிக்கறவங்க பக்கம் போர்ட கொண்டு போகவே கூடாது, போர்ட என்ன ஆனாலும் உங்களுக்கும் வர்ற அலைக்கும் நடுவுல வச்சுக்காதீங்க அலை தூக்கி உங்க மேலயே போட்டுரும்னு. சொன்ன ஒவ்வொண்ணுக்கும் தண்ணியில காரணம் புரிஞ்சுது.

என் பொண்ணு எழுந்து நின்ன அந்த நொடிய நான் பக்கத்து அலையில படுத்துக்கிட்டே பாத்தேன், அவ கத்தின கத்தல் மேல சுவத்துல உக்காந்திருந்த அம்மாவுக்கு கேட்டுச்சாம். நானும் நின்னேன், கொஞ்ச தூரம்தான், ஆனா கால் கீழ தண்ணி தானா இழுத்துட்டுப் போற அந்த உணர்வு இருக்கே, அத ரொம்ப நாளைக்கு மறக்க முடியாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது அங்க தண்ணியில இருந்த வயசானவங்க. எழுபது தாண்டினவங்க, வெள்ளத்தலை, ஒம்பது அடி போர்ட தலையில வச்சுக்கிட்டு படி இறங்கி வந்து, அவசரமே இல்லாம ஒரு அலைய புடிச்சு நடந்து போர்டு நுனி வரைக்கும் போய்ட்டு வர்றாங்க. இந்த ஊருக்கு சர்ஃபிங் வந்த கதை தெரிஞ்சா அது ஏன்னு புரியும். 1950கள் நடுவுல ஒரு ஹாலிவுட் படத்து வேலையா பீட்டர் வியர்ட்டல்னு ஒரு திரைக்கதை எழுத்தாளர் இங்க வந்தாரு, அலைய பாத்துட்டு இத விடக்கூடாதுன்னு கலிபோர்னியா போர்ட வச்சு முயற்சி பண்ணினாரு. ஊர்ப் பசங்க சில பேரு சுத்தி நின்னு பாத்துட்டு தாங்களும் இறங்கிட்டாங்க, போர்டு வாங்க வழி இல்லாததால மிஷெல் பார்லான்னு ஒருத்தர் தானே செய்ய ஆரம்பிச்சாரு, ஜார்ஜ் என்புட்னு இன்னொருத்தர் போர்டு அலையில அடிச்சுட்டுப் போகாம இருக்க கால்ல கட்டற கயிறு செஞ்சாரு. 1959லயே இங்க வைக்கீகி சர்ஃப் கிளப் வந்துடுச்சு. அப்போ ஆரம்பிச்சது அப்பா பிள்ளை பேரன்னு இன்னும் ஓடுது, அதனாலதான் அங்க அது ஒரு ஃபேஷனா தெரியல, ஊர்ப் பழக்கமா தெரியுது.

அதுக்கு முன்னாடியும் இந்த ஊரு கடல வச்சுத்தான் பொழச்சிருக்கு. முதல்ல திமிங்கிலம் பிடிக்கற மீனவர் ஊரு, ஊர் சின்னத்துலயே இன்னிக்கும் ஈட்டியோட ஆள் நிக்கற படகு இருக்கு. திமிங்கிலம் வராம போனதும் ஊரு அடங்கிடுச்சு. அப்புறம் யூஜெனி, ஸ்பெயின்ல பொறந்தவங்க, சின்ன வயசுலயே இங்க வந்து பழகினவங்க, பிரெஞ்சு சக்கரவர்த்தி மூணாம் நெப்போலியன கல்யாணம் பண்ணி மகாராணி ஆனப்புறம் 1854ல அவரையும் கூட்டிட்டு வந்தாங்க. அவரு கடல் ஓரமாவே ஒரு மாளிகை கட்டிட்டாரு. அதுதான் 1903ல தீப்பிடிச்சு திரும்ப கட்டி இன்னிக்கு ஓட்டல் து பாலேன்னு நிக்குது. மகாராணி வந்தா ஐரோப்பால இருக்கற ராஜா குடும்பம் எல்லாம் பின்னாடியே வந்தாங்க, ரஷ்யாக்காரங்களுக்குன்னு 1892ல ஒரு ஆர்த்தடாக்ஸ் சர்ச்சே கட்டியிருக்காங்க. 1915ல உலகப்போர் நடுவுல ஃபேஷன் டிசைனர் கோகோ ஷனேல் இங்க தையல் மாளிகை திறந்தாங்க, ஸ்பெயின் போர்ல சேராததால அந்தப் பக்கத்து பணக்காரங்க வந்து வாங்கினாங்க. 1929ல கட்டின காசினோ கிராண்ட் பிளாஜ் பீச்ச பாத்து நிக்குது, முன்னாடி கோடு போட்ட துணிக்கூடாரம் வாடகைக்கு. அந்த பேலஸ் ஓட்டல் வாசல்ல, பெரிய கார் வந்து நிக்கற அதே ரோட்டுல, ஈர வெட்சூட்டோட வெறுங்கால்ல போர்ட இடுக்கிக்கிட்டு பதினாலு வயசு பசங்க நடந்து போறாங்க, யாரும் திரும்பிக்கூட பாக்கல. எனக்கு பியாரிட்ஸ் பிடிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கடல் ஏறி கிளாஸ் இல்லாத நேரத்துல கன்னி மேரி பாறைக்கு போனோம். 1865ல வச்ச சிலை, கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கற பாறை மேல, ஒரு இரும்புப் பாலம் தாண்டிப் போகணும். தண்ணி ஏறி இருக்கறப்போ கால் கீழ பாறை இடுக்குல அலை வந்து உடையற சத்தம் பயங்கரமா இருக்கும், அம்மா அங்க மாதாவ பாத்ததும் கையெடுத்து கும்பிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க, பனிமய மாதா கோயில் ஞாபகம் வந்திருக்கும். லைட் ஹவுஸும் போகலாம், 1834லேர்ந்து நிக்குது, 248 படி. மேல ஏறினா ஒரு விஷயம் கண்ணால தெரியும்: வடக்க நீளமா நேர் மணல்கரை, தெக்க பாறையும் வளைவுமா பாஸ்க் கரை (பாஸ்க்னா இந்தப் பக்கத்துல தனி மொழியோட இருக்கற மக்கள்), ரெண்டும் சேர்ற இடம் இதுதான். அந்த மணல்கரை பக்கம் கப்பிரெட்டான் ஊருக்கு எதிர்ல கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு கரைக்கு ரொம்ப கிட்ட வரைக்கும் வருது, அதனால தூரத்துலேர்ந்து வர்ற அலை பலம் குறையாமலே கரைக்கு வந்துடும், பக்கத்துல ஓசகோர்ல சாம்பியன் எல்லாம் போறது அந்த அலைக்குத்தான். புதுசா கத்துக்கறவங்க அங்க போகாதீங்க.

லைட் ஹவுஸ் தாண்டி ஆங்லே பக்கம் ஒரு குகை இருக்கு, காதல் அறைன்னு பேரு. லாவோரன்ஸ்னு ஒரு ஏழைப் பையன், சோபாத்னு ஒரு பணக்காரப் பொண்ணு, வீட்டுக்குத் தெரியாம அந்த குகையில சந்திப்பாங்களாம், ஒரு நாள் கடல் ஏறினது தெரியாம ரெண்டு பேரும் உள்ளயே செத்துப் போயிட்டாங்கன்னு கதை. இந்தக் கரையில கடல் ஏறுறத மூணு நாள் பாத்தாலே அந்தக் கதைய நம்பத் தோணும்.

சாப்பாடுன்னா காலைல லே ஆல் மார்க்கெட் போங்க, மத்தியானம் மூடிடுவாங்க. சின்ன கணவாய பிளேட் அடுப்புல சுட்டுத் தர்றாங்க, ஆட்டுப்பால் சீஸ்க்கு கருப்பு செர்ரி ஜாம் வச்சு சாப்பிடறாங்க, பாஸ்க் கேக்ல கிரீம் வச்சது செர்ரி வச்சதுன்னு ரெண்டு வகை, எங்க வீட்டு ஓட்டு செர்ரிக்குத்தான். அம்மா மனசு நின்னது எஸ்பெலெட் மிளகாயில. எஸ்பெலெட்ங்கறது பக்கத்து கிராமம், நம்ம ஊர்ல மொட்டைமாடியில மிளகா காயப்போடற மாதிரி அங்க அறுவடை முடிஞ்சதும் வீட்டு முகப்பு பூரா சரம் சரமா தொங்கவிட்டு காயவைப்பாங்க. காரம் கம்மி, வாசனை ஜாஸ்தி. அம்மா ஒரு பாட்டில் பொடி வாங்கி ராத்திரி தங்கின வீட்லயே மத்தி மீன்ல தடவி வறுத்தாங்க, அந்த ருசிக்காகவே திரும்ப போலாம்.

ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு, அதையும் சொல்லிடறேன். அந்த ஊர்ல பத்துல நாலு வீடு மாதிரி வெளியூர்க்காரங்களோட லீவு வீடு, வருஷத்துல பாதிக்கு மேல பூட்டிக் கிடக்கும். எங்களுக்கு சொல்லிக்குடுத்த பொண்ணு இங்கயே பொறந்து வளர்ந்தவ, இப்போ உள்ள தள்ளி நாப்பது நிமிஷத்துல இருக்கற கிராமத்துலேர்ந்து தினம் வர்றா, சீசனுக்கு வேலைக்கு வர்ற பசங்க நெறைய பேரு வேன்லயே தூங்கறாங்கன்னு சொன்னா. பாஸ்க் நாடு விக்கறதுக்கு இல்லைன்னு பாஸ்க் மொழில சுவத்துல எழுதி வச்சிருக்காங்க, அத ஒரு தடவை படிச்சு அர்த்தம் கேட்டப்புறம் கண்ணுக்கு எல்லா இடத்துலயும் படுது. 2023 மார்ச்லேர்ந்து ஒரு சட்டம் இருக்கு, ஒரு வீட்ட டூரிஸ்ட்டுக்குன்னு குறுகிய நாள் வாடகைக்கு மாத்தினா, வீடா இல்லாத இன்னொரு இடத்த அதே அளவுக்கு குடியிருக்கற வீடா மாத்திக் காட்டணும். எனக்கு அது சரியான சட்டம்னு தோணுது. அலை நல்லா இருக்குன்னு நாம போறோம், அந்த அலைய தலைமுறையா பழகினவங்க அங்க இருக்க முடியலன்னா எப்படி. அதனால அடுத்த தடவை சின்ன ஓட்டல்லயோ கேம்ப் சைட்லயோதான் தங்கணும்னு வீட்ல பேசி முடிவு பண்ணிட்டோம்.

போறவங்களுக்கு, ஆகஸ்ட் தவிர்த்துடுங்க, கூட்டம் தாங்காது, கார் நிறுத்த இடமே கிடைக்காது. சின்ன குழந்தைங்க இருந்தா போர் வியூ பீச்சுக்கு போங்க, ரெண்டு பக்கமும் பாறை மறைச்சு நிக்கறதால அலை அடங்கி இருக்கும். ஜூலைல சூரியன் மறைய ஒம்பதே முக்கால் ஆகுது, அதனால சாயந்தரம் ஏழு மணிக்கு கடல் வத்தினா கூட தாராளமா ஒரு கிளாஸ் முடிக்கலாம். செப்டம்பர்ல தண்ணி இன்னும் இருபது டிகிரி பக்கம் இருக்கும், கூட்டம் கலைஞ்சிருக்கும், அலையும் நல்லா வர ஆரம்பிக்கும். பொண்ணுக்கு ஸ்கூல் திறந்துடும்னாலும் ஒரு சனி ஞாயிறுக்கு ஓடிடலாம்னு இருக்கோம், 22ஆம் தேதி பக்கம் கடல் காலைல வத்துற மாதிரி இருந்தா அந்த வாரம்தான்.