ஊருக்கு மேலேயே பறந்துபோன ஐயா

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் கிடப்பது ஒரு பழைய ரெக்சின் பையில். ஜிப் எப்போதோ போய்விட்டது, வாயைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். பக்கவாட்டில் ஆங்கிலத்தில் 'ஏர் சிலோன்' என்று இருந்ததில் இப்போது 'சிலோன்' மட்டும்தான் தெரிகிறது. போன வாரம் பட்டா தேடப்போய் அந்தப் பையைக் கையில் எடுத்தவன், இரண்டு நாளாக இலங்கையின் அந்தப் பழைய விமானக் கம்பெனியின் கதையைத்தான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டா இன்னும் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். ஊர் மண்டபம். போக வர எல்லாமே போட் மெயில்தான். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கி மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு கோட்டை. வாசலிலேயே ரயில் நிற்கும்போது மண்டபத்துக்காரனுக்கு விமானம் எதற்கு? அது முதலாளிமார் ஏறுகிற வண்டி என்பார்.

அந்த முதலாளிமார் வண்டியின் முதல் பயணம் 1947 டிசம்பர் 10. கொழும்புக்குப் பக்கத்து ரத்மலானை விமான நிலையத்தில் கிளம்பி, யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறையில் இறங்கி ஏறி, மதராஸ் வந்து சேர்ந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் 1948 பிப்ரவரி 4. கணக்குப் போட்டுப் பாருங்கள், சுதந்திர நாட்டுக்கு அதன் விமானக் கம்பெனி 56 நாள் மூத்தது. கையில் இருந்தது மூன்று டகோட்டா விமானம், இரண்டாம் உலகப் போரில் ஓடித் தேய்ந்த ரகம். மூன்றுக்கும் தேவிமார் பெயர். முதலில் பறந்தவள் சீதா தேவி. ராமேஸ்வரம் பக்கத்துக்காரனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வராமல் இருக்குமா? சீதையை மீட்கப் பாலம் கட்டினார்கள், திரும்பும்போது புஷ்பக விமானத்தில் வந்தார்கள். இந்தச் சீதைக்குப் பாலமும் வேண்டியிருக்கவில்லை, ராமரும் வேண்டியிருக்கவில்லை, தானே கிளம்பி மதராஸ் வந்துவிட்டாள்.

சரி, அதோடு நின்றிருக்கலாம். சின்ன விமானம், பக்கத்து ஊர், ஏற ஆள் இருக்கிற வழி. ஆனால் புது நாட்டுக்கு லண்டன் போகவேண்டும், சிட்னி போகவேண்டும். அதற்குப் பெரிய விமானம் வேண்டும், பணம் வேண்டும், ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும், மூன்றும் கிடையாது. 1949-இல் ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் என்ற கம்பெனியோடு கூட்டு. நூற்றுக்கு அரசுக்கு 51 பங்கு, அவர்களுக்கு 49. எங்கள் கடற்கரையில் படகு வைத்திருப்பவரைச் சம்மாட்டி என்போம். பேருக்கு நீ சம்மாட்டி, ஆனால் படகும் அவனுடையது, ஓட்டுகிறவனும் அவன் ஆள் என்றால் கரையில் உன் பேச்சு எத்தனை நாள் எடுபடும்? சில வருஷத்தில் அந்தக் கூட்டு முறிந்தது. 1956-இல் டச்சுக்காரர்களின் கே.எல்.எம். வந்தது, கான்ஸ்டலேஷன் விமானம் வந்தது, அதற்கும் 'மஹாதேவி' என்று பெயர் வைத்தார்கள் (பெயர் வைப்பதில் மட்டும் கடைசிவரை குறை சொல்ல முடியாது). 1962-இல் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., அவர்களுடைய காமெட். 1972-இல் பிரான்சின் யூ.டி.ஏ., அவர்களுடைய டி.சி. 8. கூட்டாளி மாறினால் விமானம் மாறும், அதோடு பழகிய வேலையும் போய்விடும், மறுபடி அரிச்சுவடி.

ஐயா ஏறியது இந்தப் பெரிய விமானம் எதிலும் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று, பாம்பன் ரயிலும் போயிற்று, பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் போயின. கொழும்பில் இருந்தவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்றே தெரியாது. கடை முதலாளி காசு கொடுத்து, தை பிறப்பதற்கு முன்னால் அவரை ஏர் சிலோனில் திருச்சிக்கு ஏற்றிவிட்டார். வரைபடத்தில் கொழும்புக்கும் திருச்சிக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள், அது மண்டபத்துக்குப் பக்கத்தில்தான் நிலத்தைத் தொடும்.

அவர் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் மறக்காதது, உள்ளே ஏறியதும் மேட்டில் நடப்பதுபோல முன்னால் ஏறிப் போய் உட்காரவேண்டியிருந்தது என்பது. சின்னப் பிள்ளையில் கதை விடுகிறார் என்று நினைத்தேன். இப்போதுதான் புரிகிறது. டகோட்டாவுக்கு வாலடியில் சின்னச் சக்கரம், தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நாய் உட்கார்ந்த மாதிரி இருக்கும், உள்ளே நடைபாதையே சரிவுதான். அந்தச் சமயம் கம்பெனிக்கு அவ்ரோ என்ற புது விமானம் வந்துவிட்டது, அது தரையில் மட்டமாக நிற்கும். ஆக ஐயா வந்தது டகோட்டாவில்தான், சந்தேகமே இல்லை.

ஜன்னல் வழியாகப் பாம்பன் பாலத்தைப் பார்த்தாராம். பல் போன சீப்பு மாதிரி தூண்கள் மட்டும் வரிசையாக, நடுவில் தூக்குப்பாலம் மட்டும் முழுசாக. அடுத்த நிமிஷம் மண்டபம், அதற்குள் தாண்டியும் போயிற்று. வீட்டு ஓட்டுக்கூரை இருக்கிறதா என்று பார்க்க எழுந்தவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். திருச்சியில் இறங்கி, பஸ் மாறி மாறி, கீழே பார்த்துக்கொண்டே வந்த அதே ஊருக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தார். வீடு இருந்தது. விமானத்தில் கொடுத்த இந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாராம், பையைப் பார்க்க மட்டும் பத்துப் பேர்.

விழுந்த கதை நீளம் குறைவு. 1969-இல் ட்ரைடென்ட் என்ற ஜெட் ஒன்று வாங்கினார்கள். ஒன்றே ஒன்று. அதில் அந்த '1இ' ரகம் உலகத்திலேயே மொத்தம் 15தான் செய்தார்கள், உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ஒற்றை மாட்டை வைத்து ஏர் உழுத கணக்கு. நிர்வாகக் குளறுபடி, ஊழல் என்ற பேச்சு வேறு. 1978 செப்டம்பர் 7 அன்று ரத்மலானையில் நின்றிருந்த அவ்ரோ ஒன்றைப் புலிகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள், உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. அதோடுதான் கம்பெனி போயிற்று என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, அதற்கு முன்பே அது கரைதட்டித்தான் கிடந்தது. 1979 செப்டம்பரில் ஏர் லங்கா என்று புதுப் பெயரில் புதுக் கம்பெனி பறக்கத் தொடங்கியது. நிர்வாகத்துக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், விமானமும் அவர்களிடம் குத்தகைக்கு எடுத்த போயிங் 707. மறுபடியும் அடுத்தவன் படகு!

2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு மறுபடி விமானம் விட்டார்கள். காங்கேசன்துறை என்று சொன்னேனே, சீதா தேவி இறங்கி ஏறியதும் அதன் பக்கத்திலுள்ள அந்தப் பலாலியில்தான். வந்தது என்ன பெரிய ஜெட்டா? விசிறி வைத்த சின்ன ஏ.டி.ஆர். விமானம். எனக்கென்னவோ முதலிலேயே இதை ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றுதான் தோன்றுகிறது, விமானத் தொழில் தெரிந்தவர்கள் திட்டலாம்.

அப்பத்தாவிடம் ஒரு தடவை கேட்டேன், ஐயா மேலே போனபோது நீங்கள் பார்த்தீர்களா என்று. வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாராம், சத்தம் கேட்டதாம்.

"புயலுக்கு அப்புறம் தெனமும் ஏதாச்சும் ஒண்ணு பறந்துக்கிட்டுத்தான் கெடந்துச்சு. அவுக வர்றாகன்னு யாருக்குத் தெரியும்? காக்காய வெரட்டிக்கிட்டு இருந்தேன், நிமிந்துகூடப் பாக்கல."