பரணில் கிடக்கும் குடும்பக் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்

வீட்டுக்கு ஒரே கம்ப்யூட்டர் என்றிருந்த காலத்துப் பெட்டி இன்னும் பரணில் இருந்தால், அதை இறக்கியதும் எல்லோர் கையும் பவர் பட்டனைத்தான் தேடும். தயவுசெய்து அழுத்தாதீர்கள். விண்டோஸ் 98 திறந்த அடுத்த நொடியே டிஸ்கில் எழுதத் தொடங்கிவிடும். ஸ்வாப் ஃபைல் என்ற தற்காலிக ஃபைலுக்கு இடம் எடுக்கும், தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியைப் புதுப்பிக்கும். கடைசி முறை சரியாக ஷட் டவுன் செய்யாமல் விட்டிருந்தால் டிஸ்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் தானாக ஓடி, ஃபைல்களின் துண்டுகளைத் தனக்குத் தோன்றியபடி ஒட்ட வைக்கும். யாரோ எப்போதோ அழித்த படங்களும் கடிதங்களும் டிஸ்கில் காலி என்று காட்டும் இடங்களில்தான் இன்னும் ஒளிந்திருக்கின்றன. ஒருமுறை ஆன் செய்வதிலேயே அவற்றில் சில போய்விடலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு? இன்றைக்கு ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு கணக்கு. அன்று அப்பாவின் கடிதமும் அக்காவின் ப்ராஜெக்டும் தம்பி சேமித்த விளையாட்டும் ஒரே 'மை டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரில் கிடந்தன. விண்டோஸ் 98 பாஸ்வேர்டு கேட்கும். எஸ்கேப் கீயைத் தட்டினால் உள்ளே விட்டுவிடும். ஒரு குடும்பத்தின் சில வருடங்கள் மொத்தமாக ஒரே இடத்தில் பதிந்திருக்கும் பொருள் அந்த ஹார்டு டிஸ்க். அதுபோல இன்னொன்று இனி உருவாகப்போவதில்லை.

முதல் வேலை, பவர் கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்கை வெளியே எடுப்பது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ இருக்கும். பின்பக்கம் டேட்டா போகும் 40 பின் ஐடிஇ கேபிளும், 4 பின் பவர் கேபிளும். ஐடிஇ கேபிளை வயரைப் பிடித்து இழுக்காமல், தலையைப் பிடித்து இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து எடுங்கள். பின் ஒன்று வளைந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு.

பிறகு தேவைப்படுவது ஐடிஇ டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் அடாப்டர். தனி பவர் சப்ளையோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும்; 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி கொடுப்பது 5 வோல்ட்தான். இணைத்தும் டிஸ்க் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஜம்பர், அதாவது டிஸ்கின் பின்களில் செருகியிருக்கும் சிறு துண்டு. ஸ்லேவ் (இரண்டாவது டிஸ்க்) நிலையில் இருந்தால் மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்) மாற்றுங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஸ்குகளில் மட்டும் தனியாக இணைக்கும்போது ஜம்பரையே எடுத்துவிட வேண்டும். எந்த நிலை எதற்கென்று டிஸ்கின் மேல் லேபிளில் படமாகவே போட்டிருப்பார்கள்.

டிஸ்க் சுழலும்போது 'டக், டக்' என்று சீராகத் தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அது டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட் தடுமாறும் சத்தம். மறுபடி மறுபடி முயன்றால் தட்டின் பரப்பையே கீறிவிடும். அந்த நிலையில் டேட்டா மீட்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

சத்தம் சரியாக இருந்தாலும் ஃபோல்டர்களை இழுத்துக் காப்பி செய்யாதீர்கள். முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுத்து ஒரே இமேஜ் ஃபைலாக எடுங்கள். லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. டிஸ்கின் படிக்க முடியாத துண்டில் (செக்டார்) மல்லுக்கட்டாமல் தாண்டிப்போய், நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு திரும்பி வந்து மிச்சத்தை முயலும். எதுவரை படித்தது என்று குறிக்கும் மேப் ஃபைலையும் சேமிக்கச் சொல்லுங்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 10 ஜிபி டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இனி எல்லா வேலையும் இமேஜின் நகலில்தான். அழிந்தவற்றைத் தேட போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளை ஓட்டுவதும் அதன் மேல்தான்.

எங்கே தேடுவது? யூசர் ப்ரொஃபைல் வைத்திருந்த வீடுகளில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'ப்ரொஃபைல்ஸ்' என்ற இடத்தில் ஆளுக்கொரு ஃபோல்டர் இருக்கும். எக்ஸ்பி என்றால் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்'. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் மெயில்கள் 'அப்ளிகேஷன் டேட்டா'வுக்குள் 'ஐடென்டிட்டீஸ்' என்ற ஃபோல்டரின் அடியில், டிபிஎக்ஸ் ஃபைல்களாக இருக்கும். அன்டிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருள் அவற்றைத் தனித்தனி மெயில்களாகப் பிரித்துத் தரும். அவுட்பாக்ஸையும் பாருங்கள். போன் லைன் ஒன்றுதான் என்பதால் இணைப்பில்லாமல் மெயில் எழுதி வைத்து, பிறகு டயல் செய்து மொத்தமாக அனுப்புவார்கள். அனுப்பப்படாமலே நின்றுபோனவை அங்கே இருக்கலாம். யாஹூ மெசஞ்சர் உரையாடல்கள், ஆர்க்கைவ் வசதியை இயக்கியிருந்தால், அந்த மென்பொருளின் ஃபோல்டருக்குள்ளேயே யூசர் நேம் வாரியாக இருக்கும்.

எல்லோரும் மறந்துவிடுவது 'டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ்'. 56கே மோடத்தில் 4 எம்பி பாட்டு இறங்கவே கால் மணி நேரம் ஆகும். நடுவில் யாராவது பக்கத்து அறையில் ரிசீவரை எடுத்தால் லைன் அறுந்துவிடும். அதனால் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு 'வொர்க் ஆஃப்லைன்' போட்டு நிதானமாகப் படிப்பார்கள். அப்படிப் படித்தவை இந்த ஃபோல்டரில் இருக்கின்றன. 2009இல் மூடப்பட்ட ஜியோசிட்டீஸ் பக்கங்கள்கூடக் கிடைக்கலாம்.

தமிழில் எழுதியவர்கள் இருந்த வீடு என்றால் விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை முழுதாக எடுத்து வையுங்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ், அந்தந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். அந்த ஃபைல் அன்றைய எழுத்து முறைகளான டிஸ்கி, டாப், பாமினி ஆகியவற்றில் எது என்று கண்டுபிடிக்க டாக்குமென்ட்டில் உள்ள ஃபான்ட் பெயர்தான் துப்பு. தெரிந்துவிட்டால் என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றலாம். மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்காதீர்கள்.

இன்னொன்று, டெக்னிக்கல் விஷயம் இல்லை. பூட்டில்லாத பெட்டி என்பதால் எல்லாவற்றையும் திறந்து படித்துவிட முடியும், அப்படிச் செய்யாதீர்கள். அவரவர் ஃபோல்டரைத் தனித்தனி பென் டிரைவில் போட்டு அவரவரிடமே கொடுங்கள். பொதுவானவை எவை என்று அவர்கள் சொல்லட்டும்.

பழைய ஸ்க்ரீனை மறுபடி பார்த்தே ஆகவேண்டும் என்பவர்கள், இமேஜின் இன்னொரு நகலை, பழைய கம்ப்யூட்டரை மென்பொருளாகவே போலச்செய்யும் 86பாக்ஸ் எமுலேட்டரில் ஓட்டலாம். ஹார்டுவேர் மாறியிருப்பதால் முதலில் சேஃப் மோடில் திறந்து, பழைய டிரைவர்களை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நிஜப் பெட்டியையே ஓட்டுவதென்றால் மதர்போர்டில் உப்பிய, கசிந்த கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றும்வரை பவர் கொடுக்கக் கூடாது. தேதியைக் காக்கும் சிஆர் 2032 பேட்டரி பெரும்பாலும் தீர்ந்திருக்கும். புதிதாகப் போட்டு, கம்ப்யூட்டரின் தொடக்க அமைப்பான பயாஸில் தேதியைச் சரிசெய்து, ஹார்டு டிஸ்கை 'ஆட்டோ டிடெக்ட்' செய்யச் சொல்லுங்கள். மூல டிஸ்கை அதில் மாட்ட வேண்டாம். இமேஜை வேறொரு ஐடிஇ டிஸ்கில் எழுதி அதை மாட்டுங்கள்.